நாய்க்குக் கட்டிய ஈரச்சாக்கு

தளம் போட்ட மறுநாளே ஆட்கள் எல்லாரும் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். கலவை மிஷினை லாரிக்குப் பின்னால் மாட்டினார்கள். மண்வெட்டியும் சட்டியும் மேலே ஏறின. சித்தாள் பெண்கள் அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்து, எதற்கோ சிரித்துக்கொண்டே போனார்கள். முந்தின நாள் நாற்பது பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஈ காக்கா இல்லை. மிச்சம் இருந்தது மூன்றுதான். புதுசாகப் போட்ட தளம், அதற்குத் தண்ணீர் விட ஒரு ஆள், கம்பிக்குக் காவலாக ஒரு நாய்.

அந்த ஆளைத் தண்ணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கான்கிரீட் போட்ட இடத்தில் பதினான்கு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. க்யூரிங் என்பார்கள். தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, அதில் தண்ணீர் நிறுத்த வேண்டும். தூணாக இருந்தால் சாக்கைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அந்தச் சாக்கு காயக் காய நனைக்க வேண்டும். விட்டால் வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்தால் முதலில் திட்டு வாங்குவது அவர்தான். முப்பது வருஷமாக இதே வேலை. "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி அடிக்கிற வேலைடா, யாருக்குக் கிடைக்கும்?" என்று கொத்தனார்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். இப்போது கிண்டல் செய்யவும் ஆள் இல்லை.

நாய்க்கு ஜல்லி என்று பெயர். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததால் சித்தாள் ஒருத்தி வைத்த பெயர். நிறமும் அப்படித்தான், கருப்பும் சாம்பலும் கலந்தது. முடி அடர்த்தி. குளிர்காலத்தில் அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும், வெயில் காலத்தில் பார்த்தால் பாவமாக இருக்கும். மேஸ்திரி அதைத் தகர ஷெட்டின் மூலையில், கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார். கிளம்பும்போது லாரியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனார்.

"யோவ், நாய மட்டும் அவுத்து விட்றாத. போன வெயில்ல அவுத்து விட்டேன், மூணு நாள் ஆளையே காணோம். கம்பி போச்சுன்னா நானும் நீயும்தான் பதில் சொல்லணும்."

"அது எங்கங்க போகப் போகுது?"

"எனக்கென்னய்யா தெரியும்? நாய் ஜாதி. சொல்லிட்டுப் போகுமா?"

லாரி போன பிறகு தூசி அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. தண்ணிக்காரர் ஷெட்டுக்கு வந்து நாயின் எதிரில் உட்கார்ந்தார். "கேட்டியா? உன்னையும் என்னையும் சேர்த்துக் கட்டிப் போட்டுட்டுப் போறார்" என்றார். ஜல்லி வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது.

அன்றிலிருந்து அதுதான் பேச்சுத் துணை. மனைவி இருந்தவரை அவர் அதிகம் பேசாத ஆள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவள் திட்டுவாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது என்னவென்றால் வாய் ஓயவில்லை. மோட்டார் போடப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் வரவில்லையென்றால் வந்து புலம்பினார். ரொட்டியைப் பிய்த்துப் போடும்போது, நேற்றைக்கு வாங்கியது கொஞ்சம் காய்ந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே என்று மன்னிப்பும் கேட்டார். நாய் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டது. குறுக்கே பேசாத ஒரு ஜீவன் கிடைப்பது லேசா?

மகள் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள்.

"அப்பா, சாப்டியா?"

"ஆச்சும்மா."

"எடுத்ததும் யாருகிட்டயோ பேசிட்டிருந்தியே, யாரு?"

"யாருமில்லம்மா. நாய்."

"நாய்கிட்டயா?" என்றாள். பிறகு, "வெயில்ல அலையாதப்பா. நான் அப்புறம் பேசறேன், மாமியார் கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டாள்.

வெயில் அந்த வருஷம் காய்ந்த மாதிரி எந்த வருஷமும் காயவில்லை. ஒன்பது மணிக்கே கம்பியைத் தொட முடியாது. பாத்தியில் நிறுத்திய தண்ணீர் மத்தியானத்துக்குள் பாதி வற்றி, மிச்சம் டீ போடுகிற சூட்டில் இருக்கும். தகர ஷெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேலே தகரம், பின்னால் தகரம், பக்கத்தில் இரும்பு. நடுவில் நாய். அலுமினியச் சட்டியில் வைத்த தண்ணீர் சுட்டுப்போய், ஜல்லி அதில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. சட்டியை மாற்றி பழைய மண்தொட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தார். அதைக் குடித்தது. ஆனாலும் நாக்கு வெளியே தொங்கியபடி, விலா எலும்பு ஏறி இறங்க, நாள் முழுக்க இரைத்துக்கொண்டே கிடந்தது.

ஏழாம் நாள் அவருக்கு அந்த யோசனை வந்தது. முன்பக்கத் தூண்களுக்குச் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தவர், கை நனைந்த குளிர்ச்சியில் அப்படியே நின்றார். கல்லையே வெடிக்காமல் காப்பாற்றுகிற சாக்கு, ஒரு நாயைக் காப்பாற்றாதா?

நல்ல சாக்காக ஒன்றைத் தேடி எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஜல்லியின் முதுகில் போட்டார். அது ஒரு உதறு உதறியது. சாக்கு ஒரு பக்கம் போய் விழுந்தது, அவர் முகமெல்லாம் தண்ணீர்.

"அடி கழுதை! உனக்குத்தான் போடறேன், எனக்கா?"

மறுபடியும் போட்டார். மறுபடியும் உதறியது. தூணுக்குக் கட்டுவது போலவே வயிற்றுக்குக் கீழே கயிற்றைக் கொண்டுவந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, அவருக்குக் கைவந்த முடிச்சைப் போட்டார். இழுத்தால் இறுகும், தானாக அவிழாது. இப்போது உதறினாலும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜல்லி அடங்கிப் படுத்தது. அன்றைக்கு நல்ல காற்று. சாக்கின் மேல் காற்று பட்டுப் பட்டு, தொட்டால் சில்லென்று இருந்தது. இரைப்பும் குறைந்தது. தண்ணிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. லாரிக்காரன் குழாயைத் தொட்டியில் விட்டுவிட்டு, ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, நாய்க்கும் க்யூரிங்கா?"

"பின்ன? வெடிச்சுப் போச்சுன்னா?"

"எத்தனை நாளைக்கு? பதினாலா, இருபத்தொண்ணா?"

"இது கொஞ்சம் பழைய சரக்கு. இருபத்தொண்ணு போடணும்."

லாரிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கும் ஒண்ணு கட்டி விடுண்ணே. இந்த இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்து எனக்குத் தொடையெல்லாம் வெந்து போச்சு" என்றான். "மூளை இருக்குண்ணே உனக்கு. இங்க வந்து தண்ணி ஊத்திட்டுக் கிடக்கற."

அவன் போன பிறகும் அந்தச் சொல் வெகுநேரம் காதில் இருந்தது. யாராவது ஒருவர் மெச்சிச் சொல்லி எத்தனை நாளாயிற்று! அன்றைக்குச் சாயங்காலம் வரை தண்ணிக்காரர் நாயிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் காற்று நின்றுவிட்டது.

இலை அசையவில்லை. தூசி கிளம்பினால் கிளம்பிய இடத்திலேயே தொங்கியது. பத்து மணிக்கே உடம்பு பிசுபிசுத்தது. இன்றைக்கு ஒரு சாக்கு காணாது என்று தண்ணிக்காரர் இரண்டு சாக்கை நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வழக்கம்போல் கட்டினார். ஜல்லி இரண்டு மூன்று தடவை முனகியது. முன்னங்காலால் கயிற்றைப் பிறாண்டிப் பார்த்தது.

"சும்மா கிட. உன் நல்லதுக்குத்தான்" என்றார். மேலே ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டு மாடிக்குப் போனார்.

தளத்தில் இரண்டு பாத்தி உடைந்து தண்ணீர் ஓடியிருந்தது. கரையைக் கட்டி, மறுபடி தண்ணீர் நிறுத்தி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது. இறங்கி வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, "என்ன மகாராணி, எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஷெட்டுக்கு வந்தார்.

வால் தட்டும் சத்தம் வரவில்லை.

ஜல்லி எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாயிலிருந்து கோந்து மாதிரி எச்சில் நூலாக இறங்கியது. நாக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

  சாக்கு காய்ந்திருக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து சாக்கின்மேல் ஊற்றினார். இன்னொரு குடம் எடுத்து வந்தார். ஊற்றப் போனவர், சாக்கு எந்த மட்டுக்கு நனைந்திருக்கிறது என்று பார்க்க, வழக்கம்போல் அதன் அடியில் கையை விட்டார்.

கை சுட்டது.

புதுசாகப் போட்ட கான்கிரீட்டில் முதல் நாள் சாக்குக்கு அடியில் கை விட்டால் இருக்குமே, அதே சூடு. கான்கிரீட் உள்ளுக்குள்ளே தானாகக் கொதிக்கும். சாக்கு அந்தச் சூட்டை எடுக்கக் கட்டுவதல்ல. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கக் கட்டுவது. முப்பது வருஷமாக அந்தச் சூட்டுக்குள் தினமும் கை விட்டவர் அவர். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காற்று இருந்த வரை சாக்கு ஆறியது. காற்று நின்றதும் அது நாய்க்குப் போர்த்திய கம்பளியாகிவிட்டது. உதறிவிட்டுப் பிழைத்திருக்கும். உதற முடியாமல் கட்டி வைத்ததும் அவர்தான்.

"பாவி! நான் ஒரு பாவி!"

நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்தும் முடியவில்லை. கம்பி கட்டும் குறட்டைத் தேடி எடுத்துக் கயிற்றை அறுத்தார். சாக்கு இரண்டையும் உரித்து எறிந்தார். உள்ளிருந்து ஆவி மாதிரி ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. கழுத்துச் சங்கிலியை அவிழ்த்தார். நாயை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கினார். தூக்கிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். வெளியே வெயில், உள்ளே தகரம்.

அப்போதுதான் புதுத் தளத்தின் அடியிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

தளத்துக்கு அடியில் அதைத் தாங்கும் முட்டு மரங்கள் காடு மாதிரி நிற்கும். முட்டு எடுக்கும் வரை அதற்குள் யாரும் தேவையில்லாமல் போகக்கூடாது என்பது சட்டம். அதனால் இத்தனை நாளும் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே நிறுத்திய தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கசிந்து, கீழே தரை முழுக்க ஈரம். வெயில் உள்ளே நுழைய வழியில்லை. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் திறந்து கிடந்ததால், வெளியே இல்லாத காற்றும் அங்கே லேசாக ஊர்ந்தது. குனிந்து, முட்டுகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி, நாயை எடுத்துக்கொண்டுபோய் அந்த ஈரத்தில் படுக்க வைத்தார்.

தொட்டியின் அடித்தண்ணீரைக் கொண்டுவந்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் நாலு பாதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஒரு பலகைத் துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தார். கையில் தண்ணீர் ஏந்தி வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். குடிக்கவில்லை. உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மறுபடி விசிறினார்.

ஒரு கையால் மேஸ்திரிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மகளைக் கூப்பிடலாமா என்று யோசித்தார். என்னவென்று சொல்வது? நாய் சாகக் கிடக்கிறது, நான்தான் கட்டி வைத்தேன் என்றா? போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பெரிய கட்டடத்தில், கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஒரு குரல் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவர் பிடரியில் விழுந்துகொண்டே இருந்தது.

"எந்திரிச்சிரு தாயி" என்றார். "உன்னைய விட்டா நான் யாருகிட்ட பேசுவேன்? இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அஞ்சு நாளும் வாயைக் கட்டிக்கிட்டு இந்தக் கல்லுக்கா தண்ணி ஊத்துவேன்? எந்திரிச்சிரு. இனிமே உன்னை எதுலயும் கட்ட மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

கை வலித்தது. வலது கையிலிருந்து இடது கைக்குப் பலகையை மாற்றினார். இடது கை ஓய்ந்ததும் மறுபடி வலது கை. எத்தனை தடவை மாற்றினார் என்று கணக்கில்லை. வெயில் தரையில் நகர்ந்து முட்டு மரங்களின் வரிசை வரை வந்து, பிறகு பின்வாங்கியது. மத்தியானத் தண்ணீர் தளத்துக்கு விடவில்லை. முப்பது வருஷத்தில் அவர் தவறவிட்ட முதல் தண்ணீர் அது. அது நினைவுக்கு வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

நாலு மணி வாக்கில் ஜல்லியின் இரைப்பு இறங்கியது. மூச்சு சீராயிற்று. அவர் கையை மோந்து பார்த்தது. கையிலிருந்த தண்ணீரை நக்கியது. முதலில் இரண்டு நக்கு, கொஞ்சம் பொறுத்து நாலு நக்கு. தண்ணிக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். யாரும் பார்க்காத இடத்தில் அழுவதற்கும் மனிதனுக்கு ஏனோ வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாலை வெயில் தாழ்ந்ததும் அது தானாக எழுந்து, தள்ளாடி நாலடி நடந்து, உடம்பை ஒரு உதறு உதறியது. அவர் சங்கிலியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

காலையில் விழித்தபோது முட்டுகளுக்கு நடுவே நாய் படுத்திருந்த ஈரம் மட்டும் இருந்தது.

தளத்துக்கு முதல் தண்ணீரை விட்டுவிட்டுத் தேடக் கிளம்பினார். எங்கேயாவது விழுந்து கிடக்கிறதோ என்று பயம். சாலையோரச் சின்னப் பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். நின்றிருந்த லாரிகளுக்குக் கீழே பார்த்தார். மூன்றாவது தெருவில் ஒரு தையல்காரம்மா வீடு. பின்பக்கம் துணி துவைக்கிற கல், அதிலிருந்து தண்ணீர் ஓடி விழுகிற இடத்தில் சேறு, சேற்றுக்கு மேல் கிளை தாழ்ந்த மரம். அந்தச் சேற்றைத் தோண்டிக் குழி பறித்து, அதில் வயிறு பட ஜல்லி கால் நீட்டிப் படுத்திருந்தது. மேலெல்லாம் சேறு. நாக்குக்கூட வெளியே இல்லை. வாயை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது.

அவரைப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டியது. சேறு தெறித்தது. எழுந்திருக்கவில்லை.

தையல்காரம்மா அளவு நாடா கழுத்தில் தொங்க, சன்னலில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க, என்ன வேணும்?"

"இல்லம்மா... அந்த நாய்."

"உங்க நாயா? போன வெயிலுக்கும் இங்கதாங்க கிடந்துச்சு. மூணு நாள் இதே குழியில இருந்துச்சு. அப்புறம் யாரோ வந்து இழுத்துட்டுப் போனாங்க. கட்டிப் போட்டாங்க போல, வரவே இல்ல. இன்னிக்கு விடியக்காலையில வந்து, என்னமோ பூட்டிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி நேரா போய்ப் படுத்துக்குச்சு. கூட்டிட்டுப் போறீங்களா?"

தண்ணிக்காரர் நாயைப் பார்த்தார். தனக்கு எது நல்லது என்று அதற்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. இத்தனை பேர் சேர்ந்து சங்கிலி போட்டு, சட்டி மாற்றி, சாக்கு கட்டி, என்னென்னவோ செய்திருக்கிறோம். ஒரு விசில் அடித்தால் அது எழுந்து வந்துவிடும். அவருக்குத் தெரியும். நாக்கின் நுனி வரை விசில் வந்தது.

"இல்லம்மா. இருக்கட்டும். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

"எனக்கென்னங்க தொந்தரவு? நாள் பூரா மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத் தனியாத்தான் உட்கார்ந்திருக்கேன். ஒரு உசுரு கிடந்தா நல்லதுதான்."

"சாயங்காலம் ரொட்டி கொண்டாந்து தரட்டுமா?"

"அது நான் போடுவேன், விடுங்க. நீங்க வெயில்ல நிக்காதீங்க பெரியவரே. முகமெல்லாம் சிவந்து கிடக்கு."

திரும்பி வரும் வழியில் மேஸ்திரி போன் செய்தார்.

"நேத்து கூப்பிட்டிருந்தியே, என்னய்யா? தளம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. வெடிப்பு ஒண்ணுமில்ல."

"கம்பி?"

"அப்படியே இருக்கு."

"நாய்?"

தண்ணிக்காரர் தெரு முனையில் நின்றார்.

"இருக்கு."

"சத்தத்தையே காணோமே?"

"இந்த வெயில்ல எதுங்க குரைக்கும்?"

மேஸ்திரி சிரித்துவிட்டு வைத்தார். தண்ணிக்காரர் போய் மோட்டாரைப் போட்டார். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினார். "தண்ணி வருதா பாரு" என்று வாய் வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு, தானே குனிந்து பார்த்தார். வந்துகொண்டிருந்தது. முதல் பாத்தி நிரம்பும் வரை அங்கேயே நின்றுவிட்டு, அடுத்த பாத்திக்குப் போனார்.